அப்பாரு பேரு பட்டாவில் இருக்கிறது... அம்முச்சி பேரு?

பழைய ஏடுகளில் குடும்ப வேரைத் தேடும் கொங்கு நாடு: கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது யார்?

2025 நவம்பர். காந்திபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், ஜெராக்ஸ் கடைகளின் முன்னால் ஒரே மாதிரியான கூட்டம். கையில் வாக்காளர் கணக்கீட்டுப் படிவம், காதில் செல்போன். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002-ஆம் ஆண்டின் பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் பெற்றோர் பெயரை, அதுவும் இல்லையென்றால் தாத்தா பாட்டி பெயரைக் காட்ட வேண்டும். ஆண்களின் தேடல் பெரும்பாலும் ஒரு போன் அழைப்பில் முடிந்தது. அப்பா அதே ஊரில், அதே வாக்குச்சாவடியில் இருப்பார். கல்யாணமாகி வந்த பெண்களுக்குத்தான் திண்டாட்டம். கணவர் வீட்டுப் பட்டியல் உதவாது. பிறந்த வீட்டின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வேண்டும். அம்மா அந்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டார், பட்டியலில் அவர் பெயர் காளியாத்தாள் என்று இருக்குமா காளியம்மாள் என்று இருக்குமா என்று தாராபுரத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் போன் பறந்தது. போதாக்குறைக்கு 2008 மறுசீரமைப்பில் தொகுதி எல்லைகளே மாறிவிட்டன. 2002-ல் கோவை கிழக்கு, கோவை மேற்கு என்று இருந்ததை இன்றைய கோவை வடக்கிலும் தெற்கிலும் தேடியவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

தேர்தல் வேலையாகத் தொடங்கிய இந்தத் தேடல் பல வீடுகளில் அதோடு நிற்கவில்லை. இருபது வருஷப் பட்டியலைப் பார்த்தவர்கள் ஐம்பது வருஷப் பத்திரத்தை எடுத்தார்கள். பத்திரத்தில் கண்ட பெயர் யாருடையது என்று பெரியவர்களைக் கேட்டார்கள். குடும்ப மரம் வரைந்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது கொங்கு வீடுகளில் ஏற்கெனவே பழக்கம்தான். அந்த மரங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கக் கிளைகள் மட்டுமே இருக்கின்றன. அப்பாரு (அப்பாவின் அப்பா), அவருடைய அய்யன், அவருக்கு மேலே ஒருவர், உச்சியில் ஒரு கூட்டத்தின் (குலப் பிரிவின்) பெயர், அதற்கும் மேலே ஒரு குலதெய்வம். அம்முச்சி (அம்மாவின் அம்மா) பிறந்த ஊர் எது என்று கேட்டால் மரத்தில் பதில் இல்லை. இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: பழைய ஆவணங்களில் வேர் தேடுவது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. ஆனால் இங்கே வழக்கமாகத் தொடங்கும் முனை தவறு. கூட்டத்திலிருந்தும் பட்டயத்திலிருந்தும் தொடங்குகிறவர் ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி கண்டுபிடிக்கிறார். அம்மா வழியிலிருந்தும் இடப்பெயர்ச்சியிலிருந்தும் தொடங்குகிறவருக்குத்தான் ஏடுகள் புதிதாக எதையாவது சொல்கின்றன.

ஆயிரத்தில் ஒரு கோடு

கொங்கு நாட்டில் வம்சம் பற்றிய நினைவு பலமானது. ஓதாளர், தூரன், காடை, செம்பன், பயிரன், அந்துவன் என்று கூட்டப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் காணியூர், குலதெய்வம், குலகுரு. கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும்போது மணமக்களின் குடிவழி ஊரறியச் சொல்லப்படும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து 1972-ல் வெளியிட்ட நூல், இந்த அமைப்பு உறவு, நிலம், கோயில் மரியாதை எல்லாவற்றோடும் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதை விரிவாகக் காட்டுகிறது. ஒரே கூட்டத்தில் பெண் எடுக்கக் கூடாது என்ற விதி இருப்பதால் இந்த நினைவு பயனுள்ளதும்கூட. அதை இகழ ஒன்றுமில்லை. ஆனால் அது எவ்வளவு சொல்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். ஒருவருக்குப் பெற்றோர் 2 பேர், அவர்களைப் பெற்றவர்கள் 4 பேர், அதற்கு முன் 8 பேர். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள் வருகின்றன. கூட்டப் பெயர் சொல்வது அதில் ஒரே ஒருவரை: அப்பாவின் அப்பாவின் அப்பா என்று நேர்கோட்டில் போனால் வரும் மனிதரை. மீதி 1,023 பேரும் நமக்கு அதே அளவு மூதாதையர்தான். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

முறைப்பெண் கல்யாணம் பழகிய ஊர் என்பதால் இந்தக் கணக்கு நடைமுறையில் கொஞ்சம் சுருங்கும். அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி 8 பேர் இல்லை, 6 பேர்தான். கல்யாண உறவு இன்னொரு வகையிலும் அம்மா வழியின் அருமையைக் காட்டுகிறது. அப்பா வழி ஒரே காணியில் நிற்கிறது. அம்மாக்கள்தான் தலைமுறைக்குத் தலைமுறை வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒரு குடும்பம் பூந்துறை நாட்டோடும் காங்கய நாட்டோடும் தென்கரை நாட்டோடும் எப்போது, எந்தச் சூழலில் உறவு கொண்டது என்பதை அறிய வேண்டுமானால் பெண் வந்த ஊர்களைத்தான் வரிசைப்படுத்த வேண்டும். கூட்டப் பெயர் அந்த வரலாற்றைச் சொல்லாது. தாலி ஏறியதும் பெண் கணவனின் குலதெய்வத்துக்கு உரியவளாகிவிடுவதால், அவள் கொண்டுவந்த ஊரின் நினைவு இரண்டு தலைமுறையில் கரைந்துவிடுகிறது.

செப்பேட்டில் இருக்கிறதே?

இந்த இடத்தில் முதல் ஆட்சேபம் வரும். எங்கள் குடிக்குச் செப்பேடு இருக்கிறது, பட்டயம் இருக்கிறது, சோழன் காலத்திலிருந்து பெயர்கள் இருக்கின்றன என்பார்கள். இருப்பது உண்மை. கர்னல் காலின் மெக்கன்சி 1821-ல் இறக்கும் வரை தென்னாடு முழுவதும் ஆள் வைத்துத் திரட்டிய சுவடிகளில் கொங்குப் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் உள்ளன. கோவைகிழார் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் பதிப்பித்த சோழன் பூர்வ பட்டயம், காடு திருத்தி ஊரும் கோயிலும் கண்ட கதையைச் சொல்கிறது. ஈரோட்டுப் புலவர் செ. இராசு வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராக அலைந்து பல சமூகங்களின் செப்பேடுகளையும் ஓலைகளையும் படித்து அச்சேற்றியிருக்கிறார். அவரில்லாமல் கொங்கு வரலாற்றின் பாதி ஏடுகள் வீட்டுப் பெட்டிகளிலேயே செல்லரித்திருக்கும். ஆனால் இந்த ஆவணங்கள் எதற்காக எழுதப்பட்டன என்று பார்க்க வேண்டும். யாருக்குக் காணி, யாருக்கு முதல் மரியாதை, எந்தக் குடிக்கு எந்த வரி, எந்த வழக்கில் யார் பக்கம் தீர்ப்பு என்பவற்றை நிலைநாட்ட எழுதப்பட்டவை இவை. உரிமை கோருகிறவன் தன் வம்சத்தை எவ்வளவு பழையதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பழையதாகச் சொல்வான். மூவேந்தர் பெயரோடு தொடங்கும் பட்டயத்தின் மொழியும் எழுத்தும் பல நேரம் நாயக்கர் காலத்தைத் தாண்டிப் பின்னால் போகாது.

இதனால் அவை பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. எழுதிய காலத்துச் சமூகம் தன்னை எப்படிப் பார்த்தது, யாரோடு போட்டி போட்டது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறப்புப் பதிவேடாக மட்டும் படிக்கக் கூடாது. அரசரின் பெயருக்கும் இன்றைய குடும்பத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து தலைமுறை ஒரு வரியில் தாண்டப்பட்டிருக்கும். அந்தத் தாவலை நிரப்ப எந்த ஏடும் இல்லை. நேர்மையாகத் தேடுகிறவர் பேனாவை வைக்க வேண்டிய இடம் அது.

பெட்டிச் செய்தி: பசலியும் தாதுவும்

பழைய வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. பசலி 1435 என்றால் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை. ஓலையிலும் கைப்பத்திரத்திலும் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். தாது ஆண்டு 1876-ல் வந்தது, 1936-ல் வந்தது, 1996-லும் வந்தது. இரண்டு தலைமுறைப் பிழை ஏற்பட இது ஒன்றே போதும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் குழப்பத்தை இன்னும் கூட்டும்: ஒரே சர்வே எண்ணில் மூன்று நாச்சிமுத்து இருப்பார்கள், மூவரும் வேறு வேறு ஆட்கள்.

நிலம் இருந்தவனுக்குப் பெயர் இருந்தது

1799-ல் திப்பு வீழ்ந்ததும் கொங்கு கம்பெனியார் கைக்குப் போனது. பவானி, தாராபுரம் என்று இரண்டாக இருந்த நிர்வாகத்தை 1804-ல் ஒன்றாக்கிக் கோயம்புத்தூர் ஜில்லாவை அமைத்தார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் உழுகிறவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை என்பதால், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. அ பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம், செட்டில்மெண்ட் பதிவேடு எல்லாம் அந்தத் தேவையில் பிறந்தவை. கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் பரம்பரையாக அவற்றை வைத்திருந்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்னொரு பக்கம் 1860-களிலிருந்து பத்திரப் பதிவு. இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று தொடங்கும் பழைய கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினையும் தகப்பன் பெயர், ஜாதி, தொழில், பூர்வீக ஊர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வில்லங்கச் சான்றை 1975 முதல் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு ஏட்டைப் புரட்ட வேண்டும்.

இந்த ஏடுகளின் குணம் ஒன்றுதான்: வரி கட்டுகிறவனை அவை பார்க்கும், மற்றவரைப் பார்க்காது. பெண் எப்போது உள்ளே வருகிறாள்? கணவன் இறந்து விதவையானால் வருகிறாள். மைனர் பிள்ளைகளுக்குத் தாயாரும் கார்டியனுமாகக் கைநாட்டு வைக்க வருகிறாள். அபூர்வமாக, மஞ்சக்காணியாகக் கொஞ்சம் நிலம் எழுதிக் கொடுத்திருந்தால் வருகிறாள். 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்த பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் பெருகியது. பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதும் அந்தப் பத்திரத்தில்தான் மகள்களின் பெயர், வயது, கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் முதல் முறையாக முழுமையாகப் பதிவாயின. சொத்திலிருந்து அவர்களை வெளியேற்றிய காகிதமே வம்சத்தில் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. குடும்ப மரம் வரைகிறவர் முதலில் தேட வேண்டியது கிரயப் பத்திரத்தை இல்லை, விடுதலைப் பத்திரத்தை.

அரசு எழுதாததை ஊர் எழுதி வைத்திருப்பதும் உண்டு. மொய் நோட்டைவிடச் சிறந்த உறவுப் பதிவேடு தமிழ்நாட்டில் இல்லை. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய அந்தக் கோடு போட்ட நோட்டில் அம்மா வழி, பாட்டி வழி, சம்பந்தி வழி எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது ஒன்றே ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். வீடு இடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்கு முதலில் போவதும் இந்த நோட்டுகள்தான் என்பது வருத்தமான விஷயம்.

கப்பலேறியவருக்கு ஏடு, தங்கியவருக்கு இல்லை

நிலமில்லாதவர் கதை இன்னும் கடினம். 1880-களில் ஒரு பண்ணையாள் காங்கயம் பக்கத்திலோ பல்லடம் பக்கத்திலோ பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே இறந்திருந்தால் வருவாய் ஏட்டில் அவர் பெயர் வர வழியில்லை. அதே காலத்தில் சென்னையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒரு கூலித் தொழிலாளிக்கு எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை உண்டு. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். அந்தப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் பாதுகாக்கப்பட்டு, இன்று பேரப்பிள்ளைகளால் தேடப்படுகின்றன. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் தொழிலாளரின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன. பெண்களும் தனித்தனி எண்ணோடு, தங்கள் தகப்பன் பெயரோடு அந்தப் பட்டியல்களில் வருகிறார்கள். ஊரை விட்டுப் போனவரின் கொள்ளுப்பேரனுக்குப் பூர்வீகக் கிராமம் தெரிகிறது. ஊரிலேயே இருந்த தம்பியின் கொள்ளுப்பேரனுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

ஊரில் தங்கியவர்களுக்கு வேறு சில கதவுகள் உண்டு. 1830-ல் கோவைக்கு வந்த லண்டன் மிஷன், அதற்கு முன்பே கருமத்தம்பட்டியில் வேரூன்றிய கத்தோலிக்கச் சபை ஆகியவற்றின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் தாயின் பெயரும் எழுதப்பட்டது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இன்னொன்று, பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக எழுந்த ஆலைகளின் ஆள் சேர்ப்புப் புத்தகங்களும் வருங்கால வைப்புநிதி ஏடுகளும் இந்த நகரத்தின் தொழிலாளர் குடும்பங்களுக்கு அடங்கலுக்குச் சமம். மூடிய ஆலைகளின் நிலத்துக்கு விலை பேசியவர்கள் உண்டு. அந்த ஏடுகள் எங்கே போயின என்று கேட்டவர் குறைவு.

பெட்டிச் செய்தி: கதை ஏன் தாதுவில் நின்றுவிடுகிறது?

கொங்குக் குடும்பங்களில் வாய்மொழிக் குடிவழி பலவும் ஐந்தாறு தலைமுறையோடு அறுந்துவிடுகிறது. காரணங்களில் ஒன்று தாது ஆண்டில் தொடங்கிய 1876–78 பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் கோயம்புத்தூர் ஜில்லாவில் சுமார் 17.6 லட்சம் பேர். 1881-ல் சுமார் 16.6 லட்சம். பத்தாண்டில் பெருக வேண்டிய மக்கள்தொகை ஒரு லட்சம் குறைந்தது. அடுத்த தலைமுறையைப் பிளேக் பிடித்தது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதன் சாட்சி. சென்னை மாகாணப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-ல்தான்.

ஒரு வரி இல்லாததால் நாடற்றவர்கள்

மூதாதையர் ஏடு பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனைப் பெற்ற தாத்தாவும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாயும் பாட்டியும் மலையகத்திலேயே பிறந்திருந்தாலும் அது கணக்கில் வராது. தோட்ட லயங்களில் பிறந்த தகப்பன்மாருக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. அப்படி வந்தவர்கள் நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். இலங்கையில் எஞ்சியவர்களின் நாடற்ற நிலை தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31-ல் வந்த குடிமக்கள் பதிவேடு சுமார் 19 லட்சம் பேரை வெளியே விட்டது. அங்கும் அதிகம் தவித்தவர்களில் கல்யாணமாகி வேற்றூர் போன பெண்கள் உண்டு. பிறந்த வீட்டோடு தங்களை இணைத்துக் காட்டக் காகிதம் இல்லை.

நம் ஊரில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகவரியில் இல்லாதவர்கள் அல்லது இடம்பெயர்ந்தவர்கள் என்று கணக்கு. கோவைக்கு இது சாதாரண விஷயமில்லை. 1901-ல் 53 ஆயிரம் பேர் இருந்த நகரம் 1951-ல் 2 லட்சத்தை நெருங்கியது; அதற்குப் பிறகு வளர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று எந்த மொழி பேசினாலும் இங்குள்ள பெரும்பாலான குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைக்குள் வந்து சேர்ந்தவை. சாதிச் சான்றிதழ் சரிபார்ப்பிலும் இதே கதை. சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணத்துக்குச் சாட்சி மதிப்பு அதிகம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலமும் பத்திரமும் இருந்த குடும்பத்துக்கு அது எளிது. மலைமேல் இருக்கும் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்தக் காகிதம் எங்கே கிடைக்கும்? சான்று மிகவும் தேவைப்படுகிறவரிடம்தான் ஏடு மிகவும் குறைவாக இருக்கிறது.

சாதி வளர்க்கும் வேலையா?

வலுவான ஆட்சேபம் இனிமேல்தான். வேர் தேடுவது என்பது கொங்கில் சாதி தேடுவதாகவே முடியும், கூட்டச் சங்கங்களும் குலப் பெருமை விழாக்களும் போதாதா, ஆணவக் கொலைகள் நடக்கும் மண்ணில் இதற்கு ஊக்கம் வேறா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் 2010-ல் வந்து, 2014 இறுதியில் எதிர்ப்புக் கிளம்பி, எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்து, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை போனது. பிள்ளையின் தகப்பன் யார் என்ற கேள்வி ஒரு புனைகதையில் வந்ததற்கே அவ்வளவு கொந்தளிப்பு. அப்படியானால் தேட வேண்டாம் என்பதா பதில்? பெருமையை வளர்ப்பது தேடாத வம்சம். கேள்விப்பட்டதோடு நின்றுவிட்ட வம்சம். ஏட்டைத் திறந்தால் இரண்டாம் தாரம் இருக்கும், சுவீகாரம் இருக்கும், கடனில் போன நிலம் இருக்கும், பஞ்சத்தில் ஊரை விட்டுப் போன தாத்தா இருப்பார். தூய்மை பேச அதிகம் மிச்சமிருக்காது.

மரபணுச் சோதனை செய்தால் தீர்ந்தது என்பது புதிய வாதம். எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் சதவீதம் வருகிறது. அந்தச் சதவீதம் ஊர் பெயரும் பாட்டி பெயரும் சொல்லாது. அது சொல்லும் பெரிய விஷயம் ஏற்கெனவே 2013-ல் அச்சில் வந்துவிட்டது: ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 73 மக்கள் குழுக்களை ஆராய்ந்ததில், இந்தியாவின் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை ஒன்றோடொன்று கலந்தவை, அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான் என்று தெரிந்தது. கலப்பில்லாத குலம் என்று பட்டயம் சொன்னாலும் ரத்தம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. அந்தரங்கம் பற்றிய கவலை மட்டும் முழுமையாக ஏற்க வேண்டியது. உயிரோடிருப்பவரின் பிறப்பு, திருமணம், சாதி விவரங்களை உறவுக் குழுவில் போட யாருக்கும் உரிமையில்லை. இறந்தவர் ஏட்டைத் திறக்கலாம். இருப்பவர் ஏட்டை அவரே திறக்கட்டும்.

பூட்டிய அறைகள்

இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் 100 ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறந்தது. நம்மிடம் 1871-லிருந்து கணக்கெடுப்பு இருக்கிறது, ஆனால் பெயர் எழுதிய படிவங்கள் காக்கப்படவில்லை. எண்கள் மட்டுமே மிஞ்சின. 1948 கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பூட்டி வைக்கிறது. எத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று அது சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கிராமங்களின் பிறப்பு, இறப்பு ஏடுகள், பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகள், 1975-க்கு முந்தைய பத்திர அட்டவணைகள் ஆகியவை தாலுகா அலுவலகங்களிலும் ஆட்சியர் அலுவலகப் பதிவறைகளிலும் பழுத்துக் கொண்டிருக்கின்றன. இவற்றை நிழற்படி எடுத்து, நூறாண்டு கடந்தவற்றைத் தேடும் வசதியோடு வெளியிடுவது தமிழ்நாடு அரசுக்குப் பெரிய செலவில்லை. சாதி விவரமும் சேர்ந்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் வீடு வீடாக வருகிறது. அந்தப் பெயர்களையாவது அழிக்காமல் காப்பகத்தில் வைத்து, 2127-ல் திறக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

வாசகர் அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் எழுபது தாண்டிய பெண் யாராவது இருந்தால், அவர் பிறந்த ஊர், அவருடைய அம்மா பெயர், அந்த அம்மா எந்த ஊரிலிருந்து வந்தவர் என்ற மூன்றையும் இந்த வாரமே கேட்டு, தேதி போட்டு, பழைய பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். மொய் நோட்டை மட்டும் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.